தவணை கட்டும் நாளில் பணம் எங்கிருந்து வரும்? வாசகர் கேள்வி பதில்

பூட்டானில் இளைஞர்கள் சொந்தத் தொழில் தொடங்குவதற்குக் கிடைக்கும் உதவிகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: மொத்தத் தேசிய மகிழ்ச்சியை அளவுகோலாகக் கொண்ட நாடு என்று பூட்டானைப் பாடத்தில் படித்தோம். அப்படிப்பட்ட நாட்டில் இளைஞர்களுக்கு வேலையில்லாத நிலை எப்படி வந்தது? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: அந்த நாட்டுக்கு வருமானம் வரும் வழி வேறு, வேலை பிறக்கும் வழி வேறு என்று ஆகிவிட்டதே முதல் காரணம். 1980களில் 336 மெகாவாட் திறன்கொண்ட சுக்கா நீர்மின் நிலையம், பின்னர் 1,020 மெகாவாட் தாலா, 2019இல் 720 மெகாவாட் மாங்தேசு என்று, மலையிலிருந்து பாய்ந்துவரும் ஆறுகளை மின்சாரமாக்கி இந்தியாவுக்கு விற்றதில்தான் பூட்டானின் கருவூலம் பெரிதும் நிறைந்தது. ஆனால், கட்டுமானம் முடிந்த பிறகு ஒரு மின் நிலையத்தை நடத்தச் சில நூறு பேர் இருந்தால் போதும். அதே வருமானத்தைக் கொண்டு பள்ளிகளையும் கல்லூரிகளையும் திறந்து அரசு படிக்கவைத்த பிள்ளைகளோ, படிப்பை முடித்ததும் அரசு வேலைக்கான தேர்வை எழுதிவிட்டுக் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களின் எண்ணிக்கைக்கு முன்னால் அரசுப் பணியிடங்கள் மிகக் குறைவு. 2022ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இளைஞர்களிடையே வேலையின்மை 28.6 விழுக்காடாக இருந்தது. படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். மக்கள் மகிழ்ச்சியைத் தேடிச் செல்வதற்கு ஏற்ற சூழலை அரசு வளர்க்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் சொல்கிறது. இருபத்திரண்டு வயதில் செய்வதற்கு ஒரு வேலை இருப்பதும் அந்தச் சூழலில் சேர்ந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: பிணை இல்லாமல் இளைஞர்களுக்குக் கடன் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கொடுத்த பணம் திரும்ப வருமா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்)

பதில்: பிணையாகக் காட்ட அங்கே ஓர் இளைஞரிடம் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கிராமத்தில் பெரிய சொத்து நிலம்தான். மேற்கு, நடுப் பூட்டானில் நிலம் பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும் வழக்கம் உண்டு. எனவே மகன் பெயரில் நிலம் இருப்பது அரிது. மகளுக்கும் தாய் இருக்கும்வரை அது கைக்கு வராது. பட்டாவைக் கொண்டுவா என்று வங்கி கேட்டால், வீட்டார் எல்லோருடைய சோற்றையும் பணயம் வைக்கச் சொல்வதாகத்தான் பொருள்படும்.

இதை உணர்ந்து தொடங்கப்பட்டதுதான் லோதென் அறக்கட்டளையின் திட்டம். அதை நிறுவிய கர்மா புன்ட்சோ, தென்னிந்தியாவில் உள்ள திபெத்திய மடங்களில் துறவியாகப் பயின்று, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்ற அறிஞர். 2024இல் ரமோன் மகசேசே விருதைப் பெற்றவர். தொழில் யோசனையோடு வருபவர்களுக்கு அவருடைய அறக்கட்டளை பயிற்சி அளிக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு வட்டியும் பிணையும் இல்லாத கடனைத் தந்து, அனுபவமுள்ள ஒருவரை வழிகாட்டியாகவும் துணை வைக்கிறது. கடன் பெற்றவர் திருப்பிக் கட்டும் பணம் அடுத்து வரும் இளைஞருக்குப் போகிறது. இப்போது வாங்குபவருக்கு இது தெரியும். தான் கட்டத் தவறினால் தன்னைப் போன்ற இன்னொருவரின் கடை திறக்காது என்ற எண்ணம் பட்டாவை விடக் குறைந்த பிணை என்று நான் கருதவில்லை.

உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கடனை அடைப்பது பிணை அன்று, வருமானம்தான் என்பது நீண்ட காலம் வங்கியில் இருந்த உங்களுக்குத் தெரியாததன்று. ஆகவே வருமானம் எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். கிழக்கே லுன்ட்சே மாவட்டத்துக் கோமா கிராமத்தில் குஷுதாரா என்னும் பட்டுத்துணியை நெய்கிறார்கள். பெண்கள் உடுத்தும் கிரா என்னும் உடையில் மிக உயர்ந்தது அது. நெய்பவர் தரையில் கால்நீட்டி உட்கார்ந்து, தறியின் ஒரு முனையை இடுப்புப் பட்டையோடு பிணைத்துக்கொள்கிறார். அவர் பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். ஒவ்வொரு ஊடைக்கும் நடுவே, பாவிழைகளைக் கூரிய குச்சியால் எண்ணி எடுத்து, வண்ணப் பட்டிழைகளைக் கையால் கோத்துப் பூவேலையை எழுப்புகிறார். நாள் முழுவதும் உட்கார்ந்தாலும் விரற்கடை அளவுதான் ஏறும். நுணுக்கமான ஒரு கிரா முடிய பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுகூட ஆகும். அதுவரை ஒரு காசும் வராது, விற்றதும் மொத்தமாக வரும். அப்படிப்பட்ட தொழிலுக்குக் கடன் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் ஐந்தாம் தேதி முதல் தவணையைக் கேட்டால், அந்தப் பெண் பாதித்துணியை அறுத்தா கொடுப்பார்? பயணிகளை நம்பிய தொழிலும் அப்படித்தான்: வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கைநிறையப் பணம், மற்ற மாதங்களில் வெறும் கை.

குடிசைத் தொழிலுக்கும் சிறு தொழிலுக்கும் என்றே பூட்டான் அரசு 2020இல் தனி வங்கி ஒன்றைத் தொடங்கியது மிக நல்ல செயல். வேலையின் போக்குக்கேற்பத் தவணையை அமைத்துக்கொடுத்தால் அந்த நன்மை இரட்டிப்பாகும் என்பதே என் வாதம். முடியாத காரியமும் அன்று: 2020 மார்ச் முதல் 2022 செப்டம்பர் வரை நாட்டின் வாசல் பயணிகளுக்கு மூடிக்கிடந்தபோது, கடன்களுக்கான வட்டியின் சுமையை மன்னரின் நிவாரண நிதியும் நிதி நிறுவனங்களும் பகிர்ந்துகொண்டன. நெருக்கடியில் காட்டிய இரக்கத்தைச் சாதாரண ஆண்டிலும் ஒரு விதியாக எழுதி வைக்கலாம்.

கேள்வி: ஆசையை அறுக்கச் சொல்லும் பௌத்தம் லாபம் தேடும் தொழிலை எப்படி ஏற்கும்? (ஆசிரியர் ஒருவர்)

பதில்: துறவிக்குச் சொன்னது வேறு, இல்லறத்தாருக்குச் சொன்னது வேறு. சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் கூறிய அறிவுரையில், ஈட்டிய பொருளை நான்காகப் பிரித்து, ஒரு பங்கை அனுபவிக்கவும், இரண்டு பங்கைத் தொழிலில் இடவும், ஒரு பங்கை இடர்க்காலத்துக்குச் சேமிக்கவும் சொல்கிறார். பாதி வருமானத்தைத் தொழிலிலேயே திரும்பப் போடச் சொன்னவரைத் தொழிலுக்கு எதிரானவர் என்று எப்படிச் சொல்வது? ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதைப்பொருள், நஞ்சு ஆகிய ஐந்தின் வணிகத்தை மட்டும் அவர் விலக்கினார். அந்த உணர்வு பூட்டானில் இன்றும் உயிரோடு இருக்கிறது. புனித மாதங்களில் இறைச்சி விற்பனையையே நிறுத்தி வைக்கிறார்கள்.

கேள்வி: எட்டு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் யாரிடம் விற்பது? (சிறு வணிகர் ஒருவர்)

பதில்: கடனைவிடக் கடினமான சிக்கல் இதுதான். தெற்கு எல்லையில் புன்ட்சோலிங் நகரத்தை ஒட்டியே இந்தியாவின் ஜெய்காவோன் இருக்கிறது. பூட்டானின் நாணயமான நூல்ட்ரமும் இந்திய ரூபாயும் சம மதிப்பு. சோப்பு, பிஸ்கட், பிளாஸ்டிக் வாளி என்று எதைச் செய்தாலும், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் சரக்கின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாது. எனவே பாரோவின் சிவப்பரிசி, கிழக்கு மலைச்சரிவுகளில் வளரும் எலுமிச்சைப்புல்லின் எண்ணெய், மரப்பட்டையிலிருந்து கையால் செய்யும் தாள் என்று அந்த மண்ணுக்கே உரியதைச் செய்வதுதான் பிழைக்கும் வழி. அதிலும் சரக்கு மலைப்பாதையில் நாள்கணக்கில் வர வேண்டும். கடல் இல்லாத நாடு என்பதால் துறைமுகம் வேறு நாட்டில். இளைஞர்களின் சரக்கை ஒன்றாகச் சேர்த்து, தரம் பார்த்து, அனுப்பிவைக்கும் பொதுக்கிடங்குகள் இன்னொரு பயிற்சி வகுப்பைவிடப் பயன்தரும். 2023 டிசம்பரில் மன்னர் அறிவித்த கெலெஃபு நகரத் திட்டம் தெற்கு எல்லையில் எழும்போது, அங்கே பெரிய முதலீட்டாளர்களுக்கு நடுவே இவர்களுக்கும் ஒரு தெரு ஒதுக்கப்பட வேண்டும்.

கேள்வி: அடுத்த ஆண்டு பூட்டான் போகிறோம். எங்களால் ஏதாவது செய்ய முடியுமா? (குடும்பத் தலைவி ஒருவர்)

பதில்: முடியும், அம்மா. இந்தியப் பயணிகள் ஓர் இரவுக்குப் பயணிகளுக்கான கட்டணமாகக் கட்டும் 1,200 ரூபாய் அரசுக்குப் போகிறது. நீங்கள் கையிலிருந்து செலவழிப்பதுதான் இளைஞர்களிடம் சேரும். திம்புவின் நோர்சின் சாலையில் மூங்கிலால் கட்டிய சிறு கடைகள் வரிசையாக உள்ள கைவினைச் சந்தைக்குப் போங்கள். இயந்திரத்தில் நெய்த போலித் துணிகளும் அந்நாட்டுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. ஆகவே எந்த ஊரில் நெய்தது, யார் நெய்தது, எத்தனை மாதம் ஆனது என்று கேளுங்கள். நெய்தவரே கடையில் இருந்தால் பதில் சொல்லும்போது துணியை விரித்துக் காட்டுவார்; அப்போது விலையைப் பேரம் பேசாதீர்கள்.