கட்டியும் கட்டளையும்

அன்புள்ள ஐயா,

என் தங்கைக்கு மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் 8 மில்லிமீட்டர் கட்டி. பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் அதிகம். ஆபரேஷன் தேவையில்லை, மாத்திரை போதும் என்கிறார் மருத்துவர். கட்டி எப்படி மாத்திரையில் சுருங்கும்? வெட்டி எடுத்துவிட்டால் நிம்மதி அல்லவா? ஹார்மோன்களும் வளர்ச்சிக் காரணிகளும் கட்டியை வளர்க்கும் என்று படித்தேன். அவள் எதற்கெடுத்தாலும் கவலைப்படுவாள், அதனால் வந்ததா? எந்த உணவை நிறுத்த வேண்டும்?

கே.

அன்புள்ள கே.,

உணவை விடுங்கள். கவலைப்பட்டால் புரோலாக்டின் கொஞ்சம் ஏறலாம், அதனால் கட்டி முளைக்காது. இதைத் தங்கையிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். 'நீ இப்படி இருந்ததால்தான்' என்று நோயாளியைக் குடையும் உறவினர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம். அப்புறம், வெட்டி எடுத்தால் நிம்மதி உங்களுக்கு. பிட்யூட்டரி அவளுடையது.

மாத்திரையில் எப்படிச் சுருங்கும் என்றீர்களே, கொஞ்ச நாளாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கட்டி என்றாலே யார் சொல்லுக்கும் அடங்காத செல்கள் என்று எண்ணிவிடுகிறோம். பிட்யூட்டரிக் கட்டிகள் பலவற்றுக்குக் காது முழுசாக அடைத்துப்போவதில்லை. புரோலாக்டின் சுரக்கும் செல்லை, மூளையில் பிட்யூட்டரிக்கு மேலே இருக்கும் ஹைபோதலாமஸ் அனுப்பும் டோபமைன் என்ற வேதிப்பொருள் எந்நேரமும் அடக்கிவைத்திருக்கிறது. கட்டியான பிறகும் அந்தச் செல்லில் டோபமைன் ஏற்பிகள், அதாவது டோபமைனின் கட்டளையைக் கேட்கும் காதுகள், இருக்கும். கேபர்கோலின் மாத்திரை அங்கே போய் டோபமைன் போலவே 'போதும்' என்கிறது. சுரப்பு குறைகிறது, செல்லும் சுருங்குகிறது. ஏற்பிகள் குறைந்துபோன சில கட்டிகள்தான் மாத்திரைக்கு மசிவதில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இதற்கு நேர் எதிர், அந்தச் செல்லைப் பெருகச் சொல்லும். அது ஏறும் கர்ப்பகாலத்தில் நோயே இல்லாத பெண்ணின் பிட்யூட்டரியும் பெரிதாகிறது.

மாணவனாக இருந்தபோது எங்கள் ஆசிரியர் ஒரு பெண்ணின் இரண்டு ஸ்கேன் படங்களைக் காட்டினார். ஒன்றில் பிட்யூட்டரி கட்டி போலப் புடைத்திருந்தது, மற்றதில் சாதாரணமாக இருந்தது. "ஆபரேஷன் நன்றாகச் செய்திருக்கிறார்கள் சார்" என்றான் ஒருவன். ஆபரேஷனே நடக்கவில்லை. அவருடைய தைராய்டு செயலிழந்திருந்தது. தைராய்டு ஹார்மோன் வந்து தடுக்காததால், தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி செல்கள் பெருகிக்கொண்டே போயிருக்கின்றன. அந்த ஹார்மோனையே தைராக்ஸின் மாத்திரையாகக் கொடுத்ததும் சில மாதங்களில் எல்லாம் அடங்கிவிட்டது.

இதைக் கேட்டுவிட்டு 'அப்படியானால் எல்லாம் ஹார்மோன் செய்யும் வேலை' என்று கிளம்பிவிடாதீர்கள். அங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இருந்தது வீக்கம், கட்டி அல்ல. 1990 வாக்கில் வந்த ஆய்வுகள், பிட்யூட்டரிக் கட்டி பெரும்பாலும் ஒரே ஒரு செல்லின் வம்சம் என்று காட்டின. வெளியிலிருந்து வரும் ஹார்மோன் மட்டுமே காரணம் என்றால் ஆயிரக்கணக்கான செல்கள் சேர்ந்து பெருகியிருக்க வேண்டும். ஆக, தொடங்குவது வேறு, வளர்ப்பது வேறு. வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் கட்டிகளில் சுமார் 40 சதவீதத்தில் ஜிஎன்ஏஎஸ் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். மேலிடத்துக் கட்டளை வராமலேயே, வந்துவிட்டது போல அந்தச் செல் ஓடிக்கொண்டிருக்கும். பிட்யூட்டரிக் கட்டியால் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மிகுந்துபோவது குஷிங் நோய். அந்தக் கட்டிகள் சிலவற்றில் யுஎஸ்பி8 மரபணு மாறியிருப்பதை 2015இல் கண்டார்கள். நீங்கள் படித்த வளர்ச்சிக் காரணிகள் இங்கேதான் வருகின்றன. அவற்றில் ஒன்றின் ஏற்பியைச் செல் வழக்கம்போல் அழிக்காமல் திரும்பத் திரும்ப மேலே கொண்டுவருகிறது. அப்படிப்பட்ட குஷிங் கட்டியும் ஓரளவு கட்டளை கேட்கும். அதே நோய்க்காக, கார்ட்டிசாலைச் சுரக்கும் இரண்டு அட்ரீனல் சுரப்பிகளையும் அகற்றிவிட்டால், கார்ட்டிசால் போட்டுவந்த தடை போய், சிலருக்குக் கட்டி வேகமாக வளர்கிறது. 1958இல் நெல்சன் என்ற மருத்துவர் விவரித்தது இதைத்தான்.

சரி, உங்கள் தங்கை. மாத்திரை ஆரம்பத்தில் குமட்டும், சாப்பாட்டோடு எடுத்துக்கொண்டால் குறையும். உடம்பு தேறிவிட்டது என்று அவளாக நிறுத்தக் கூடாது. தடை விலகினால் கட்டி மறுபடி வளரலாம். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடட்டும்.