பேய் சிரிக்கக்கூடாது

கேள்வி: ஆஸ்கார் வைல்ட் 1887இல் எழுதிய கேன்டர்வில் பேய்க் கதையை ஒரு மணிநேர இசை நாடகமாக்குகிறோம். ஒத்திகையில் பேய் வந்தால் ஒருவரும் சிரிக்கிறாரில்லை. பிழை எங்கே?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: பேயைக் கோமாளியாகப் பாட வைத்திருப்பீர்கள். அது தன் பயங்கரத்தை முழுதாக நம்பும் பேய். சோக இராகமான சுபபந்துவராளியில், விளம்பத்தில் (மெதுவான நடையில்), மனமுருகிப் பாடட்டும். வீட்டுக்காரர் ஓட்டிஸுக்கு இராகமே வேண்டாம், வெறும் பேச்சு.

பேய் சங்கிலியை இழுத்துக்கொண்டு வரும் காட்சியைப் பாருங்கள். பேய் உச்சத்தில் கார்வை பிடிக்கிறது, அதாவது ஒரே சுரத்தை நீட்டிப் பாடுகிறது. ஓட்டிஸ் கதவைத் திறந்து சின்ன எண்ணெய்ப் போத்தலை நீட்டுகிறார். இங்கே மிருதங்கம், சுருதிப்பெட்டி எல்லாம் நிற்கட்டும். இரண்டு ஆவர்த்தன (தாளச் சுற்று) மௌனம். பிறகுதான், "சங்கிலிக்கு இதைப் பூசுங்க ஐயா." அடியில் வாத்தியம் ஓடினால் சிரிப்பு செத்துவிடும். இரும்புச் சங்கிலி மைக்கில் பாட்டை விழுங்கும். பிளாஸ்டிக் சங்கிலி கட்டி, ஓசையைச் சல்லரியில் (கைத்தாளத்தில்) கொடுங்கள்.

பாடும்போது வசனம் மூன்று மடங்கு நீளும், ஆகவே இரக்கமின்றி வெட்டுங்கள். பேய் நிறம் மாற்றி மாற்றிப் பூசும் தரை இரத்தக்கறை மட்டும் இருக்கட்டும்: சிவப்பு, ஊதா, கடைசியில் மரகதப் பச்சை என்று துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து உருவுங்கள். திறந்த மேடையென்றால் ஓரங்களில் ஈயக்குண்டு தையுங்கள், கடற்காற்று தூக்கிவிடும்.

ஓட்டிஸின் மகள் வர்ஜீனியாவிடம், தான் உறங்க ஏங்கும் மரணத் தோட்டத்தைப் பேய் சொல்லும் இடத்தில் பகிடி ஒன்றும் வேண்டாம். அங்கே சபை அழவேண்டும்.