நான்கடித் தொட்டியில் ஆப்பிரிக்க சிக்லிட்: எதை எதோடு சேர்க்கலாம்?

வாசகர் கேள்வி – பதில்: வீட்டு மீன் வளர்ப்பு

கேள்வி: நான்கு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி வாங்கியிருக்கிறோம். கடையில் 'ஆப்பிரிக்கன் மிக்ஸ்' என்று பல நிறக் குஞ்சுகளை ஒரே பையில் போட்டுத் தருகிறார்கள். அதையே வாங்கிவிடலாமா? எங்கள் போர் தண்ணீரில் வாளியெல்லாம் வெள்ளைப் படிவு ஏறுகிறது. மீனுக்காக ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டுமா?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நீங்கள் குறையாக எண்ணுவதுதான் உங்களுக்கு வாய்த்த நல்ல வசதி. நம் கடைகளில் கிடைக்கும் ஆப்பிரிக்க சிக்லிட்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த இனங்கள். அந்த ஏரியின் தண்ணீர் காரத்தன்மை உடையது, பி.எச். 7.8 முதல் 8.6 வரை இருப்பது அவற்றுக்கு ஏற்றது. வாளியில் வெள்ளைப் படிவை விட்டுச் செல்லும் கால்சியம், மெக்னீசிய உப்புகள் இந்த மீன்களுக்கு இயல்பானவை. ஆகவே ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம், அது இந்த மீன்களுக்குத் தேவையான உப்புகளையே நீக்கிவிடுகிறது. டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, பி.எச்., கடினத்தன்மை, நைட்ரேட் மூன்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சில போர் கிணறுகளில் நைட்ரேட் தொடக்கத்திலேயே மிகுந்திருக்கும். அப்படியிருந்தால் குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரைக் கலந்து ஊற்றலாம். குழாய் நீரில் குளோரின் இருக்குமாதலால், குளோரினை நீக்கும் மருந்து சேர்த்த பிறகே அதைத் தொட்டியில் விட வேண்டும்.

அந்தக் கலப்புப் பையை வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஒன்றரை அங்குலக் குஞ்சாக இருக்கும்போது எல்லா மீனும் சாதுவாகவே தெரியும். அந்தப் பையில் வரும் வெனஸ்டஸ், வளர்ந்தபின் இருபத்தைந்து சென்டிமீட்டரை எட்டி, வாயில் அடங்கும் சிறு மீன்களை விழுங்கும். மஞ்சள் உடலில் கறுப்புக் கோடுகளோடு எல்லோர் கண்ணையும் கவரும் ஆரேட்டஸ், பருவத்துக்கு வந்ததும் நான்கடித் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொண்டு மற்ற மீன்களை விரட்டிக் கொல்லும். கென்யியும் அதே குணம் உடையது. இவை கெட்ட மீன்கள் அல்ல, உங்கள் தொட்டியின் அளவுக்கு ஏற்றவை அல்ல, அவ்வளவுதான். ஆகவே கடையில் நிறத்தைப் பார்க்குமுன் மூன்று செய்திகளைக் கேளுங்கள்: மீனின் பெயர் என்ன, வளர்ந்தால் எவ்வளவு நீளம் வரும், என்ன தின்னும். இம்மூன்றுக்கும் விடை கிடைக்காத மீனை, எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

உங்கள் தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 250 லிட்டர். மணலும் கல்லும் போனால் தண்ணீர் 200 லிட்டரைச் சற்றே தாண்டும். இதில் மலாவி ஏரியின் பாறைப் பகுதியில் வாழும் ம்புனா வகையிலிருந்து, குணத்தில் மென்மையான மூன்று இனங்களை நான் பரிந்துரைக்கிறேன். முதலாவது யெல்லோ லேப். பத்து சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும், பளிச்சென்ற மஞ்சள் நிறம், முதுகுத் துடுப்பில் ஒரு கறுப்புக் கோடு. இரண்டாவது ரஸ்டி சிக்லிட். கடை விளக்கில் மங்கலாகத் தெரிவதால் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள், ஆனால் நன்கு வளர்ந்த ஆணின் உடலில் செம்பழுப்பின் மேல் ஊதா படர்வதைப் பார்த்தவர்கள் அப்படி ஒதுக்க மாட்டார்கள். மூன்றாவது, மஞ்சள் வால் கொண்ட ஏசெய். சற்றுப் பெரிதாக, பதின்மூன்று பதினான்கு சென்டிமீட்டர் வரை வளர்ந்தாலும், மற்ற இரண்டும் கற்களை ஒட்டித் திரிய, இது தண்ணீரின் நடுவிலும் மேற்பகுதியிலும் கூட்டமாக நீந்துவதால் இட நெருக்கடி குறைகிறது. ஒவ்வொன்றிலும் ஐந்து அல்லது ஆறு வீதம், மொத்தம் பதினைந்து முதல் பதினெட்டு வரை போதும். சிறு வயதில் ஆண் பெண் பிரித்தறிவது கடினம். எனவே குஞ்சுகளாக வாங்கி வளர்த்து, பின்னர் ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் மிகையான ஆண்களை எடுத்துவிடுங்கள்.

இந்த மூன்றும் நிறத்திலும் வடிவத்திலும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை என்பதும் காரணத்தோடுதான். ஆண் சிக்லிட் தன்னைப் போன்ற நிறமுடைய மீனையே முதல் போட்டியாளனாகக் கருதித் தாக்கும். தவிர, நெருங்கிய உறவுள்ள இனங்கள் ஒரே தொட்டியில் கலந்து இனப்பெருக்கம் செய்துவிடும். யெல்லோ லேப்பையும் ரெட் ஜீப்ரா என்ற மற்றொரு ம்புனாவையும் சேர்த்து வைத்தால் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. ஆப்பிரிக்காவின் மற்றோர் ஏரியான டாங்கனிகாவின் மீன்கள், பீக்காக், ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கார் ஆகிய எதையும் இதோடு சேர்க்க வேண்டாம். பீக்காக்கும் மலாவி மீன்தான் என்றாலும், அதன் உணவும் குணமும் வேறு. அதற்குத் தனித் தொட்டி வைப்பதே முறை.

உணவில்தான் மிகுதியான இழப்பு நேர்கிறது. ம்புனா மீன்கள் பாறை மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்பவை. அவற்றின் குடல் நீளமானது. டியூபிஃபெக்ஸ் புழுவையும் இறைச்சியையும் தொடர்ந்து கொடுத்தால் வயிறு ஊதி, வெள்ளை நூல் போல் கழிந்து, சில நாளில் இறந்துவிடும். ஸ்பைருலினா என்னும் பாசி கலந்த தீனியே அன்றாட உணவாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை வேகவைத்துத் தோல் உரித்த பட்டாணியோ பாலக் கீரையோ கொடுக்கலாம். ஒரு வேளைக்கு இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் போடாதீர்கள். பி.எச். ஏழிலிருந்து எட்டாகும்போது, தண்ணீரில் உள்ள அம்மோனியாவில் நஞ்சாக மாறும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. காரத் தண்ணீரில் மிச்சத் தீனி அழுகுவது அவ்வளவு ஆபத்து. அதனால் மீன் விடுவதற்கு முன்பே, நான்கு முதல் ஆறு வாரம் வரை பில்டரை ஓட்டி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நிற்பதைச் சோதித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் சிறிதளவு தீனி போட்டு வந்தால்தான், அம்மோனியாவை நீக்கும் பாக்டீரியா பில்டரில் வளரும். ஏற்கெனவே ஓடும் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சு ஒன்று கிடைத்தால், அந்தக் காலம் வெகுவாகக் குறையும். அதன் பிறகு வாரந்தோறும் கால் பங்குத் தண்ணீர் மாற்ற வேண்டும்.

கருங்கற்களை நன்றாகக் கழுவி, மணலைக் கொட்டுவதற்கு முன் அடிக்கண்ணாடியின் மேல் தெர்மாகோல் வைத்து அதன் மேல் அடுக்குங்கள். மணலின் மேல் அடுக்கினால் இந்த மீன்கள் கீழே தோண்டிச் சரித்துவிடும். மீன் ஒன்று மேல் மூலையில், பில்டர் குழாய்க்குப் பின்னால் துடுப்பு கிழிந்து ஒதுங்கி நின்றால், அது அடிபடுகிறது என்று பொருள். அன்றே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். கத்திரி வெயிலில் மூடியைத் திறந்து, தண்ணீரின் மேற்பரப்பில் மின்விசிறி படும்படி வைத்தால் சூடு இரண்டு மூன்று டிகிரி குறையும். மின்தடைக்கென பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். இங்கே ஊற்றுத் தண்ணீர், குளிரும் அதிகம். இந்த மீன்களை வளர்க்க இயலுமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: இயலும், ஆனால் சேலத்துக்காரர்களுக்கு இயல்பாகக் கிடைப்பதை நீங்கள் உருவாக்கிக்கொள்ள வேண்டும். மலை ஊற்று நீர் பெரும்பாலும் மென்மையானது. கோரல் எனப்படும் பவளப்பாறை மணலைத் தொட்டியின் தரையில் பரப்பி, ஒரு பை கோரல் துண்டுகளைப் பில்டரிலும் வைத்தால், கடினத்தன்மையும் பி.எச்.-ம் மெதுவாக உயர்ந்து நிலைபெறும். நாளுக்கு நாள் ஏறி இறங்கும் 8.4-ஐவிட, நிலையாக நிற்கும் 7.8 மேலானது. தண்ணீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டுமாதலால் ஹீட்டர் இன்றியமையாதது. 250 லிட்டருக்கு ஒரே 300 வாட் ஹீட்டரைவிட 150 வாட் ஹீட்டர் இரண்டு வைப்பது நல்லது, ஏனெனில் ஒன்று பழுதானாலும் மற்றொன்று காப்பாற்றும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலால், தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜனும் சமவெளியைவிடக் குறைவு. எனவே மேற்பரப்பு நன்றாக அலையடிக்கும்படி பில்டர் குழாயைத் திருப்பி வையுங்கள்; மீன் எண்ணிக்கையையும் பன்னிரண்டு, பதின்மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் யெல்லோ லேப் ஒன்று ஒரு வாரமாகத் தின்னாமல், தொண்டை உப்பிக் கிடக்கிறது. நோயா? மீன்கள் பெருகிவிட்டால் குஞ்சுகளை மூக்கனேரியில் விட்டுவிடலாமா?
– வாசகர், சூரமங்கலம், சேலம்

பதில்: வயிறு ஒட்டி, தொண்டை மட்டும் உப்பி, அவ்வப்போது எதையோ மெல்வது போல் வாயை அசைத்தால், அது வாயில் முட்டை வைத்திருக்கும் தாய் மீன். ஏறத்தாழ மூன்று வாரம் அப்படியே பட்டினி கிடந்து, நீந்தத் தெரிந்த குஞ்சுகளை வெளியே விடும். அதைத் துரத்தாதீர்கள், கற்களுக்கு இடையே ஒதுங்க இடம் இருந்தால் போதும். வயிறு உப்பியிருந்தால் மட்டுமே நோய் என்று கருதித் தனியே எடுக்க வேண்டும்.

மூக்கனேரியிலோ வேறெந்த நீர்நிலையிலோ ஒரு குஞ்சைக்கூட விடக் கூடாது. நம் ஏரி, அணைகளில் இன்று மண்டிக் கிடக்கும் ஜிலேபி மீனும் ஆப்பிரிக்க சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அது, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொண்டது. தொட்டிப் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் சக்கர் மீனும் அப்படி வெளியே விடப்பட்டுத்தான் நம் நீர்நிலைகளில் பரவியிருக்கிறது. மிகையான குஞ்சுகளைக் கடைக்காரரிடமோ, மீன் வளர்க்கும் நண்பர்களிடமோ, இனத்தின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.