பத்து நொடிகூட உட்கார மாட்டேன் என்கிறான்

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு எட்டு மாதம். ‘சிட்’ என்றதும் உட்காருகிறான். ‘ஸ்டே’ சொல்லிப் பத்து எண்ணுவதற்குள் எழுந்து வந்துவிடுகிறான். 45 நாள் தன்னிடம் விட்டுவைத்தால் சரியாகிவிடும் என்கிறார் பயிற்சியாளர். விடலாமா?

பதில்: விடாதீர்கள். அவன் அடம்பிடிக்கவில்லை. எப்போது எழலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். எழுவதற்கென்று ஒரு சொல் வேண்டும். ‘ஃப்ரீ’ போதும். ‘போலாம்’, ‘சரி’ வேண்டாம். வீட்டுப் பேச்சில் அடிக்கடி வந்து அவனைக் கிளப்பிவிடும்.

உப்பு, மசாலா, எலும்பு இல்லாமல் வேகவைத்த கோழியைப் பட்டாணியில் பாதி அளவுக்குக் கிள்ளிக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் இரண்டு நொடியில் ஒரு துண்டு, இன்னும் இரண்டு நொடியில் இன்னொன்று, பிறகு ‘ஃப்ரீ’. துண்டை அவன் மார்போடு ஒட்டி, வாய்க்கே கொண்டுபோய்க் கொடுங்கள். நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் மூக்கு முன்னே வரும், பின்பக்கம் தானாக எழும்பும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். எழுந்த பிறகு தீனி கிடையாது.

நேரத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். 3, 5, 2, 8, 4, 10 நொடி என்று கலந்து வையுங்கள். ஏறிக்கொண்டே போனால் அடுத்தது இன்னும் கஷ்டம் என்று புரிந்துகொண்டு முன்கூட்டியே எழுந்துவிடும். தொடர்ந்து இரண்டு முறை எழுந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள். நீங்கள் ஓரடி தள்ளி நிற்கும் நாளில் மறுபடி இரண்டு நொடியிலிருந்துதான். தள்ளி நின்று கூப்பிடாமல், திரும்பிப் போய் அவன் பக்கத்தில் நின்று ‘ஃப்ரீ’ சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை.

உட்காரவே சிரமப்படும் நாய்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. வழவழப்பான டைல்ஸ் தரையில் பின்னங்கால் வழுக்கும், சாக்கு விரியுங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி வேட்டைநாய்கள் பலவற்றுக்கு வெகுநேரம் உட்காருவது வசதியாக இருக்காது. அவற்றைப் படுக்கவைத்தே பழக்குங்கள். லேப்ரடாரில் இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம். எப்போதும் ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டியே உட்காருகிறானா, முன்னங்காலை ஊன்றிச் சிரமப்பட்டு எழுகிறானா, ஓடும்போது பின்னங்கால் இரண்டும் முயல்போலச் சேர்ந்தே தாவுகின்றனவா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுங்கள். வலியோடு உட்காரும் நாயை இன்னும் பத்து நொடி உட்காரச் சொல்வது கொடுமை.

இனி அந்த 45 நாள். இப்படி நாயை வாங்கி வைத்துப் பழக்கும் சிலர், கழுத்தை இறுக்கும் சங்கிலியால் சுண்டிச் சுண்டி உட்காரவைத்து, அரைமணி நேரம் அசையாத வீடியோவை அனுப்புவார்கள். அதில் காதையும் வாயையும் கவனியுங்கள். காது பின்னால் ஒட்டி, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால் அது கற்றுக்கொண்ட நாய் அல்ல, பயந்து உறைந்த நாய். வீட்டுக்கு வந்தால் உங்கள் சொல்லுக்கும் நிற்காது. இவர்களைக் கைகாட்டும் கடைக்காரர்கள் சிலருக்குக் கமிஷன் உண்டு. நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர்களுக்கு 2017-இல் விதிகள் வந்தன. ஆனால் பயிற்சி தருகிறேன் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அடித்தது நிரூபணமானாலும் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். இதை மாற்ற இத்தனை வருடம் போதாதா?

பயிற்சியாளர் வேண்டும் என்றால், பயிற்சி நேரம் முழுக்க நானும் கூட இருக்கலாமா என்று கேளுங்கள். மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.