வெள்ளிக்கிழமைக்குள்ளா, வெள்ளிக்கிழமை வரையா?

அம்மா, உங்கள் கடிதமும் கூடவே அனுப்பிய உங்கள் மகளின் மெயில்களும் கிடைத்தன. பி.காம். முடித்து ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். இரண்டு கம்பெனிகளில் கடைசிச் சுற்று வரை போய்த் திரும்பியிருக்கிறாள். ஆறு மாத ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிடட்டுமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். அவளுக்கு இங்கிலீஷ் நன்றாகவே வருகிறது. திரும்பத் திரும்ப இடறுவது ஒரே இடத்தில், காலத்தைச் சொல்லும் சொற்களில்.

சான்றிதழ்களை ‘பை ஃப்ரைடே’ அனுப்பச் சொல்லி கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. ‘ஐ வில் சென்ட் அன்டில் ஃப்ரைடே’ என்று பதில் போட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வரை அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்று அதற்கு அர்த்தம்! ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்று தமிழில் வந்தால் ‘பை’, ‘வெள்ளிக்கிழமை வரை’ என்று வந்தால் ‘அன்டில்’. தமிழில் இந்த இரண்டையும் அவள் ஒருநாளும் குழப்பிக்கொள்ள மாட்டாள். ஆக, சோதித்துப் பார்க்கும் கருவி அவள் கையிலேயே இருக்கிறது.

‘ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் ஒன் அண்ட் எ ஹாஃப் இயர்ஸ்’ என்ற வரிக்கும் அதே மருந்துதான். ‘ஒன்றரை வருஷமா’ என்று அளவைச் சொன்னால் ‘ஃபார்’. ‘2024 ஜனவரியிலிருந்து’ என்று தொடங்கிய இடத்தைச் சொன்னால் ‘சின்ஸ்’. கூடவே ‘ஐ ஆம் வொர்க்கிங்’ என்பது ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ ஆக வேண்டும். தமிழில் இன்றைக்குச் செய்வதற்கும் ஒன்றரை வருடமாகச் செய்துவருவதற்கும் ‘வேலை பார்க்கிறேன்’ என்ற ஒரே வினை போதும். இங்கிலீஷில் போதாது.

தமிழை நம்பி ஏமாறும் இடமும் உண்டு. ‘இரண்டு வருஷத்துக்கு முன்னாடி படிப்பை முடித்தேன்’ என்பதை ‘பிஃபோர் டூ இயர்ஸ்’ என்று எழுதியிருக்கிறாள். நம் ‘முன்னாடி’ இரண்டு வேலை பார்க்கிறது. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ‘டூ இயர்ஸ் அகோ’. வேறொரு நிகழ்ச்சியிலிருந்து எண்ணினால்தான் ‘பிஃபோர்’: ‘டூ டேஸ் பிஃபோர் த எக்ஸாம்’.

‘இன் தர்ட்டி டேஸ்’, ‘விதின் தர்ட்டி டேஸ்’ இரண்டையும் அவள் ஒன்றாக நினைக்கிறாள். வேலைக்குச் சேரும் நாளைச் சொல்லும்போது இது விளையாட்டில்லை. முன்னது முப்பது நாள் கழித்து, பின்னது முப்பது நாளுக்குள் என்றாவது ஒருநாள். அதேபோல ‘பிஃபோர் ஜூன் 30’ என்றால் முப்பதாம் தேதி சேராது, ‘ஆன் ஆர் பிஃபோர்’ என்றால் சேரும். விண்ணப்பம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் ஒரு வருடத்தைத் தொலைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

‘டுடே மார்னிங்’, ‘யெஸ்டர்டே நைட்’ இரண்டும் நம் ஊர் வழக்கு. ‘திஸ் மார்னிங்’, ‘லாஸ்ட் நைட்’ என்று மாற்றிக்கொண்டால் போதும். ‘ப்ரீபோன்’ (குறித்த நேரத்தை முன்னுக்குக் கொண்டுவருவது) இந்தியாவுக்குள் ஓடும், வெளிநாட்டுக்காரர் விழிப்பார். மணி சொல்வதில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். நாம் கடந்த மணியைப் பிடித்துக்கொண்டு ‘பத்தேமுக்கால்’ என்கிறோம். அவர்கள் வரப்போகும் மணியைப் பார்த்து ‘குவார்ட்டர் டு லெவன்’ என்கிறார்கள். பிரிட்டன்காரர் ‘ஹாஃப் எய்ட்’ என்றால் அது எட்டரை, ஏழரை இல்லை.

சில சொற்களில் இங்கிலீஷ்காரர்களே தடுமாறுவார்கள். ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்பது வருகிற வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா? (நம் ‘அடுத்த வெள்ளிக்கிழமை’யும் வீட்டுக்கு வீடு மாறுகிறதே.) ‘பைவீக்லி’ வாரம் இரண்டு முறையா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா? அகராதியில் இரண்டு பொருளுமே உண்டு. 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. இங்கெல்லாம் கேட்பதில் வெட்கம் எதற்கு? தேதியையும் மாதத்தின் பெயரையும் முழுதாக எழுதிக் கேட்டுவிட வேண்டும். நள்ளிரவு, நண்பகல் விஷயத்தில் 12 ஏ.எம்., 12 பி.எம். என்று எழுதவே வேண்டாம். ‘மிட்நைட்’, ‘நூன்’ என்ற சொற்கள் எதற்கு இருக்கின்றன?

சரி, இப்போது அவசரமான விஷயம். அடுத்த ஆன்லைன் நேர்காணல் நியூயார்க் நேரப்படி காலை 10 மணி என்று மெயிலில் இருக்கிறது. அங்கே இப்போது கோடை நேரம் (கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பது) நடப்பதால் நமக்கு அது இரவு 7.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு அதே 10 மணி நமக்கு 8.30 ஆகிவிடும். அதனால் இன்றே ஒரு பதில் மெயில் போடச் சொல்லுங்கள். தேதி, அவர்கள் நேரம், இந்திய நேரம் மூன்றையும் ஒரே வரியில் எழுதி, சரிதானா என்று கேட்கட்டும். அவர்கள் உறுதி சொன்னதும் எனக்கு ஒரு வார்த்தை தெரிவியுங்கள். முந்தின நாள் சாயங்காலம் அரை மணி நேரம் நானும் அவளும் போனில் பேசிப் பார்த்துவிடுகிறோம்.