அதிரசம் எண்ணெயில் பிரிந்து போவது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டுத் தீபாவளிக்குப் பாட்டியின் அதிரசம்தான் முதல் பலகாரம். பாட்டி சொல்லச் சொல்ல அம்மா எழுதி வைத்த குறிப்பு என்னிடம் இருக்கிறது: "நாலு ஆழாக்கு பச்சரிசி, மூணு ஆழாக்கு வெல்லம். பாகு பதம் வந்ததும் மாவைக் கொட்டிக் கிளறு." அவ்வளவுதான். முந்தின வருடம் கடை அரிசி மாவில் செய்தேன், கல்லாக இருந்தது. போன வருடம் வீட்டிலேயே அரைத்தேன், எண்ணெயில் போட்டதும் பிரிந்து போய்விட்டது. பாட்டியின் கைப்பக்குவம் எனக்கு வரவே வராதா?

பதில்: வரும். குறிப்பில் தப்பில்லை, இரண்டு விஷயங்கள் விட்டுப் போயிருக்கின்றன: மாவின் ஈரம், பாகின் பதம். பாட்டிக்கு இரண்டும் கையோடு வந்தவை. அதனால் அவருக்குச் சொல்லத் தோன்றியிருக்காது.

முதலில் அளவை எடைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய ஆழாக்கு 168 மி.லி. பிடிக்கும். அதில் நாலு ஆழாக்கு அரிசி சுமார் 560 கிராம் வரும். வெல்லத்தைத் தளரப் போட்டால் ஒரு எடை, அமுக்கிப் போட்டால் வேறு எடை. அதனால் அதை மட்டுமாவது தராசில் வையுங்கள். அரிசி 4 பங்கு என்றால் வெல்லம் 3 பங்கு, அதாவது 420 கிராம்.

மாவுப் பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி விரித்து 20 நிமிடம் உலர்த்துங்கள். அரிசியைத் தொட்டால் கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது, ஆனால் ஈரம் தெரிய வேண்டும். அரைத்துச் சலித்த மாவைக் கைப்பிடியில் அழுத்திப் பாருங்கள். கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பாகு கிண்டும்வரை மாவு காயாமல் மூடியே இருக்கட்டும். கடை மாவில் இந்த ஈரம் கிடையாது. அது பாகில் இருக்கும் கொஞ்ச நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். முந்தின வருடத்துக் கல் அப்படி வந்ததுதான். புழுங்கல் அரிசியும் இதற்கு ஆகாது.

இனி பாகு. போன வருடம் தவறியது பெரும்பாலும் இங்கேதான். வெல்லத்தில் 100 மி.லி. தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, அடிகனமான பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள். பக்கத்தில் ஒரு தட்டில் தண்ணீர் இருக்கட்டும். கொதிக்கும் பாகை அதில் ஒரு சொட்டு விட்டால் முதலில் கரைந்து தண்ணீர் பழுப்பாகும். கொஞ்ச நேரம் போனால் கரையாமல் அடியில் படியும், ஆனால் விரலால் கூட்டினால் சேராது. இங்கேதான் பலர் அவசரப்பட்டு இறக்கிவிடுகிறார்கள். இன்னும் சிறிது நேரத்தில் அதே சொட்டு விரலுக்குள் மெத்தென்ற உருண்டையாகத் திரளும். வெளியே எடுத்து விரல் நுனியில் வைத்தால் மெதுவாகத் தட்டையாகும். அதுதான் பதம், உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் 112 முதல் 115 டிகிரி செல்சியஸ். உருண்டையைத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்கிறதா? அது கடலை உருண்டைப் பாகு, அதிரசத்துக்கு முற்றிவிட்டது. பாகு இளசாக இருந்தால் நீர் அதிகம், மாவைப் பிடித்து வைக்க வலுவிருக்காது, சூடான எண்ணெயில் இளகிப் பிரிந்துவிடும்.

ஏலக்காய்த்தூள், சுக்குத்தூள் சேர்த்து, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். அரைத்தது அத்தனையும் போட வேண்டுமென்று கணக்கில்லை. இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, கரண்டியிலிருந்து தயங்கித் தயங்கி விழும்போது நிறுத்துங்கள். பார்க்கத் தளர்வாகத்தான் இருக்கும், ஆறியதும் இறுகிவிடும். மீதி மாவை ஃப்ரீசரில் வையுங்கள், தேவைப்படும். பாகில் கிளறிய மாவின் மேலே நெய் தடவி, துணியால் வேடு கட்டி, ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை விடுங்கள். வெல்லம் மாவுக்குள் சீராக ஊறினால்தான் உள்ளே மெத்தென்று இருக்கும்.

சுடுவதற்கு முன்பு ஒன்றே ஒன்றைத் தட்டிப் போட்டுப் பாருங்கள். பிரிந்தால் ஃப்ரீசர் மாவைக் கைப்பிடி கைப்பிடியாகப் பிசைந்து, 2 மணி நேரம் விட்டு மறுபடி சோதியுங்கள். விறைப்பாக வந்தால் வெதுவெதுப்பான பாலைத் தெளித்துப் பிசையுங்கள். பால் சேர்த்த மாவை அன்றே சுட்டுவிட வேண்டும்.

எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கட்டும். துளி மாவைப் போட்டால் அடிக்குப் போய் நிதானமாக மேலே வர வேண்டும். சூடு கூடினால் மேலே கறுத்து உள்ளே வேகாது, குறைந்தால் எண்ணெய் குடிக்கும். வாழையிலையில் நெய் தொட்டுத் தட்டி, ஒவ்வொன்றாகப் போட்டு, ஒருமுறை திருப்பி எடுங்கள். உடனே இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தி எண்ணெயைப் பிழிந்துவிடுங்கள். ஆறினால் எண்ணெய் வெளியே வராது.

இந்த வருடம் செய்யும்போது அம்மா எழுதிய குறிப்புக்குக் கீழேயே ஊறிய நேரம், வெல்லத்தின் எடை, மீந்த மாவின் எடை, மாவு எத்தனை நாள் இருந்தது என்பதை எழுதி வையுங்கள். வெல்லம் வருடத்துக்கு வருடம் மாறும், மீந்த மாவும் அதற்கேற்ப மாறும். அதிரசம் முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் அடுக்குங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.