வெயில் ஊருக்குப் போகும் கப்பலில் ஸ்வெட்டர் எதற்கு?

கேள்வி: அடுத்த மாதம் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் சொகுசுக் கப்பலில் அம்மாவையும் அழைத்துப் போகிறோம். அவருக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது. அங்கே வெயில்தானே, ஸ்வெட்டர் வேண்டாம் என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: கட்டாயம் எடுத்து வையுங்கள், அம்மாவுக்குக் காலுறையும் சேர்த்து. வெளியே 30 டிகிரியும் புழுக்கமுமாக இருக்கிற கடலில்தான் கப்பலுக்குள் குளிர் உறைக்கும், ஏனென்றால் காற்றில் இருக்கும் ஈரத்தை எடுக்க ஏசி அதை நன்றாகக் குளிர வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தரைவிரிப்பு, மெத்தை எல்லாம் நமுத்துப் பூஞ்சை பிடிக்கும். நாடக அரங்கில்தான் அதிகம் நடுங்குவோம். நூற்றுக்கணக்கானவர்களின் உடல் சூட்டையும் சமாளிக்கும்படி அங்கே ஏசி போட்டிருப்பார்கள், பாதி இருக்கை காலி என்றால் கேட்கவே வேண்டாம். சாப்பாட்டுக் கூடமும் அப்படித்தான். நான் போனபோது ஒரு பாட்டி துணி நாப்கினைத் தோளில் போட்டுக்கொண்டு, சூப் கிண்ணத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார், பார்க்கவே பாவமாக இருந்தது.

அறையில் அவ்வளவு பயம் இல்லை. பெரும்பாலான கப்பல்களில் சுவரிலேயே கூட்டிக் குறைக்க வசதி உண்டு, கூடுதல் போர்வை கேட்டாலும் தருவார்கள். குளிர்கிறதே என்று பால்கனிக் கதவைத் திறந்தே வைக்காதீர்கள், ஈரக் காற்று புகுந்து அறை பிசுபிசுத்துவிடும். அப்புறம், மின்சாரப் போர்வை, ஹீட்டர் கொண்டுபோக வேண்டாம், தீ அபாயம் என்று ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள்.